தரைக்குப் போன பெடல்

நாத்தனாரின் வலது காலில் மாவுக்கட்டு விழுந்து இருபத்தாறு நாட்கள் ஆகியிருந்தன. முதல் வாரம் அது வெள்ளையாக இருந்தது. இப்போது விரல்கள் வெளியே தெரியும் இடத்தில் பழுப்பேறி, ஓரம் பிய்ந்து, உள்ளேயிருந்து ஈரத்துணியை மூட்டை கட்டிப்போட்ட வாடை வந்தது. நாத்தனார் ஒரு அடி ஸ்கேலைக் கட்டுக்குள் விட்டுச் சொறிந்துகொள்வாள். கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்துகொண்டு சொறிவாள். முடிந்ததும் ஸ்கேலை நீட்டுவாள். அதை வாங்கிக் கழுவி வைப்பது கார் அத்தையின் வேலை.

கார் அத்தை என்பது பிள்ளைகள் வைத்த பெயர். தெருவிலிருந்து ஐந்து பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு மத்தியானம் கூட்டிவருவாள். ஆறு வருடமாக அதுதான் அவள் வேலை. முன் இருக்கையில் ஒன்று, பின்னால் நான்கு. வண்டிக்கு வயது இருபத்தாறு. ஜப்பானில் செய்தது. பின் கதவு ஒன்று உள்ளேயிருந்து திறக்காது. கண்ணாடி ஏற்றும் பிடி உடைந்து, அதற்குப் பதிலாக ஒரு இடுக்கி தொங்கும். ஆனால் ஒருநாளும் வழியில் நின்றதில்லை.

"ஜப்பான் வண்டி சாகாது. நாமதான் கொல்லணும்" என்பான் அவள் கணவன். அவனையே தெருவில் ஜப்பான் என்றுதான் சொல்வார்கள். தண்ணீர் மீட்டர் கணக்கெடுக்கும் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்காருவான். பழைய ஜப்பான் வண்டி வைத்திருப்பவர்களின் குழு ஒன்று இருந்தது. நானூறு பேர். மெக்கானிக்கிடம் போகாமல் வீட்டிலேயே எதை எப்படிச் சரிசெய்வது என்று அவன் அதில் பேசி அனுப்புவான்.

"வணக்கம் சொந்தங்களே. ரேடியேட்டர்ல குழாய்த் தண்ணி ஊத்தாதீங்க. உள்ளே உப்புக் கட்டும். என்ஜின் சூடா இருக்கும்போது மூடியைத் திறக்காதீங்க, மூஞ்சி வெந்துரும். பேட்டரி முனையில பச்சையா பூத்திருந்தா வெந்நீர் ஊத்துங்க, பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. பல் பிரஷ்ஷை மறுபடி குளியலறையில வைக்காதீங்க."

கடைசி வரிக்கு அவனே சிரிப்பான். கார் அத்தை அடுப்படியில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் ஆறு வருடமாகச் சமைத்தாள். அவன் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அப்போதெல்லாம் அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

அந்தத் திங்கட்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு அவள் திரும்பினாள். வீட்டு வாசல் சற்றுச் சரிவு. கேட்டைத் திறக்க நாத்தனார் வந்தாள். ஒரு பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டே தூணோரம் நின்றாள். வண்டி நிற்கவில்லை. கேட்டின் மேல் ஏறி, கேட்டுக்கும் தூணுக்கும் நடுவே நாத்தனாரின் காலை நசுக்கிவிட்டு நின்றது.

"மிதிச்சேன். பெடல் தரைக்குப் போயிடுச்சு. நிக்கல" என்று கார் அத்தை திரும்பத் திரும்பச் சொன்னாள். அவளுக்குப் பல் கிட்டியது.

கணவன் உள்ளேயிருந்து ஓடிவந்தான். அக்காவைத் தூக்கித் திண்டில் சாய்த்தார்கள். தெருவே கூடிவிட்டது. அவன் வண்டிக்குள் தலையை விட்டுப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"எந்தப் பெடல் தரைக்குப் போகும்? பிரேக் போகாது. ஆக்ஸிலரேட்டர்தான் போகும். காலை மாத்தி வச்சுட்டா."

கூட்டம் தலையாட்டியது. அது பொருத்தமாகத்தான் இருந்தது. நாத்தனார் வலியில் முனகிக்கொண்டே, "என்ஜின் கத்துச்சு, என் காதாலயே கேட்டேன். காது கிழியிற சத்தம்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அன்று மத்தியானம் பிள்ளைகளை அவரவர் அம்மாக்கள் போய்க் கூட்டிவந்தார்கள். மறுநாளிலிருந்து யாரும் அவளிடம் அனுப்பவில்லை. அதற்கு மறுநாள் அவன் குழுவில் பேசினான்.

"சொந்தங்களே, இன்னிக்கு ஒரு முக்கியமான விஷயம். பெடல் குழப்பம். பயத்துல மூளை ஒண்ணு சொல்லும், கால் ஒண்ணு செய்யும். என் வீட்டுலயே நடந்துச்சு, வெளிப்படையாச் சொல்றேன். வண்டியை எவ்வளவு நல்லா வச்சிருந்தாலும் ஓட்டுற கால் சரியில்லன்னா ஒண்ணும் பண்ண முடியாது. வீட்டுல பொம்பளைங்க கையில சாவியைக் கொடுக்கும்போது யோசிச்சுக் கொடுங்க."

சிரிக்கும் முகங்கள் வந்து குவிந்தன. கூப்பிய கைகளும் வந்தன. ஒருவன், "தைரியமா உண்மையைச் சொன்ன அண்ணனுக்கு நன்றி" என்று எழுதியிருந்தான். கணவன் அதை நாத்தனாரிடம் வாசித்துக்காட்டினான். கார் அத்தை அப்போது மலத்தட்டைக் கழுவ எடுத்துக்கொண்டு அவர்களைக் கடந்து போனாள்.

அதன் பிறகு அவள் கால் அவளுடையதாக இல்லை. அடுப்பின் முன் நிற்கும்போது வலது கால் தானாகவே நகரும். இடது பக்கம் போய் அழுத்தும், வலது பக்கம் வந்து அழுத்தும். அன்றைக்கு எங்கே இருந்தது என்று தேடும். சில நாள் நிச்சயமாக பிரேக்தான் என்று தோன்றும். சில நாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, இல்லை, வலது பக்கம்தான் என்று தோன்றி உடம்பு சில்லிட்டுப் போகும். ஐந்து பிள்ளைகளை இறக்கிவிட்ட பத்தாவது நிமிடம் அது. கால் பத்து நிமிடம் முன்னால் மாறியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து ஒருநாள் குளியலறையில் வாந்தி எடுத்தாள்.

"என்ன, விசேஷமா?" என்றாள் நாத்தனார் படுத்த இடத்திலிருந்து. "இந்த நேரத்துல அதுவேற வேணுமாக்கும்."

*

அந்தச் சனிக்கிழமை மூன்றாவது நாளாக மழை மிரட்டிக்கொண்டிருந்தது. பெய்யவில்லை. முற்றத்துச் சிமெண்டுத் தரை வியர்த்திருந்தது. துவைத்த துணி காயாமல் கொடியில் புளிப்பு வாடை அடித்தது.

கணவன் காலையிலேயே வண்டியின் கீழே சாக்கு விரித்துவிட்டான். பத்து நாளாகவே சாயங்காலங்களில் பானெட்டைத் திறந்து வைத்து ஏதோ செய்துகொண்டிருந்தான். அவள் அந்தப் பக்கம் போனால், "ஏய், அங்க நட்டு போல்ட்டு எல்லாம் பரப்பி வச்சிருக்கேன், வராத" என்பான். இப்போது எல்லாம் முடிந்து கடைசி வேலை மட்டும் மீதம். பிரேக்கில் ஏர் எடுக்க வேண்டும். குழாய்க்குள் காற்று இருந்தால் பிரேக் பிடிக்காது. அந்தக் காற்றை வெளியே எடுக்க இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், ஒருவர் சக்கரத்தடியில் நிப்பிள் என்னும் சிறு திருகைத் திறந்து மூட வேண்டும்.

அன்றே முடிக்க வேண்டியிருந்தது. திங்கட்கிழமையிலிருந்து வண்டி மறுபடி ஓடப்போகிறது. ஓட்டப்போவது கணவனின் சித்தப்பா மகன். ஐந்து அம்மாக்களின் சார்பில் தெருமுனைத் தையல்காரி காலை பத்து மணிக்கு வந்து வண்டியைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். இதையெல்லாம் கார் அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. நாத்தனாரிடம் சொன்னதை அவள் கேட்டாள்.

"இந்தா, இங்க வா" என்று முற்றத்திலிருந்து கூப்பிட்டான். "வந்து மிதி."

அவள் அடுப்படி வாசலில் நின்றாள். கையில் முட்டை வேகவைத்த பாத்திரம்.

"நானா?"

"வேற யாரு இருக்கா? அக்காவா வந்து மிதிப்பா?"

முன்னறை ஜன்னல் முற்றத்தைப் பார்த்தது. நாத்தனாரின் கட்டில் அந்த ஜன்னலோரம். "அவளையாடா உட்கார வைக்கிற? மறுபடி எதையாவது மாத்தி மிதிச்சு உன் மேல ஏத்திடப்போறா."

"என்ஜின் ஓடலக்கா. சக்கரமே கழட்டி வச்சிருக்கேன். மிதிக்க மட்டும்தான். ஒரு குரங்கு இருந்தாக்கூடப் போதும்."

"குரங்குக்கு வாழைப்பழம் கொடுக்கணுமே" என்றாள் நாத்தனார். இருவரும் சிரித்தார்கள்.

கார் அத்தை பாத்திரத்தை வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். வண்டி நான்கு முட்டுகளின் மேல் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். இருக்கைத் துணியில் அவள் உட்கார்ந்து உட்கார்ந்து பதிந்த பள்ளம் அப்படியே இருந்தது. அதில் இப்போது அவன் ஸ்பேனர் துடைத்த அழுக்குத்துணி கிடந்தது. எடுத்துக் கீழே போட்டாள்.

"தூரமா இருக்கிற சக்கரத்துலதான் முதல்ல எடுக்கணும்" என்று அவன் பின்னாலிருந்து சொன்னான். குழுவுக்குப் பேசும் குரல் அது. "நான் மிதின்னா மிதி. பிடின்னா அழுத்திப் பிடிச்சுக்க. நான் விடுன்னு சொல்ற வரைக்கும் விடக்கூடாது. நடுவுல விட்டா காத்து உள்ளே போயிரும், எல்லாம் முதல்லேருந்து. புரிஞ்சுதா?"

"ம்."

"எந்தப் பெடல்னு தெரியுமில்ல?"

ஜன்னலில் சிரிப்புச் சத்தம். அவள் வலது காலைத் தூக்கிப் பிரேக்கின் மேல் வைத்தாள்.

பக்கக் கண்ணாடியில் அவனைப் பார்க்க முடிந்தது. சாக்கில் ஒருக்களித்துப் படுத்திருந்தான். வயிறு தரையில் வழிந்திருந்தது. கால் கட்டைவிரல் நகத்தில் கரி ஒட்டியிருந்தது. நிப்பிளில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாயைச் செருகி, அதன் மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விட்டான். பாட்டிலில் மஞ்சள் வாத்துப் படம் ஒட்டியிருந்தது.

"அது பிள்ளையோட தண்ணி பாட்டில்" என்றாள்.

"எது?"

"வாத்து ஒட்டினது. தையல்காரக்கா பொண்ணோடது. சீட்டுக்கு அடியில விட்டுட்டுப் போயிருக்கு."

"இருக்கட்டும். உள்ள வர்றது வெளியே தெரியணும், அதான் எடுத்தேன். கழுவிக் கொடுத்துக்கலாம்."

"பிரேக் ஆயில் விஷம்னு நீங்கதானே சொல்வீங்க."

"சோப்புப் போட்டுக் கழுவு" என்றான். "மிதி."

மிதித்தாள்.

"மிதி. மிதி. பிடி."

பிடித்தாள். பெடல் கெட்டியாக நின்றது. பின்னால் ஸ்பேனர் திரும்பும் சத்தம் கேட்டது. அந்த நொடியில் பெடல் காலுக்கு அடியில் வழிவிட்டது. சேற்றில் கால் இறங்குவது போல, தடுக்க ஒன்றுமில்லாமல், தரை வரைக்கும் போய்ப் படுத்துக்கொண்டது.

அவள் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்பேனர் மறுபடி திரும்பியது. "விடு."

காலை எடுத்தாள்.

"மிதி. மிதி. மிதி. பிடி."

மறுபடியும். முதலில் நின்றது. பிறகு இறங்கியது.

அடுப்பின் முன்னால் தேடித் தேடிக் கிடைக்காதது இதோ காலுக்கு அடியில் இருந்தது. அன்றைக்கும் இப்படித்தான். முதலில் நின்றது, அவள் நம்பி அழுத்தினாள், பிறகு இறங்கியது. பக்கத்தில் ஆக்ஸிலரேட்டர் இருந்தது. இடது கையால் எட்டி அதை ஒருமுறை அழுத்திப் பார்த்தாள். தொட்டதுமே போனது, விட்டதும் துள்ளி வந்தது. அதற்கு நிற்கத் தெரியாது.

"ஏய், தூங்கிட்டியா? விடு!"

விட்டாள்.

"போதும், இதுல காத்து வரல. அடுத்த சக்கரத்துக்குப் போலாம்" என்று அவன் எழுந்தான்.

"இல்ல. இன்னொரு தடவை."

"எதுக்கு? குமிழி வரல. பார்த்தேன்."

"இன்னொரு தடவை திறங்க."

அவளிடமிருந்து அப்படி ஒரு குரல் வந்து அவன் கேட்டதில்லை. முணுமுணுத்துக்கொண்டே படுத்தான். திறந்தான். பெடல் இறங்கியது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டு பேசினாள்.

"ஏங்க. இது தரைக்குப் போகுதே."

"நிப்பிளைத் திறந்தா போகத்தான் செய்யும்."

"அன்னிக்கு பிரேக் தரைக்குப் போகாதுன்னு சொன்னீங்களே."

"திறந்தா போகும்னு சொல்றேன். மூடியிருந்தா போகாது. விடு."

"உள்ளே ரப்பர் கெட்டிருந்தா?"

ஸ்பேனர் ஒருமுறை நழுவி இரும்பில் இடித்தது.

"ரப்பர் உப்பிப் போச்சுன்னா மூடியிருந்தாலும் போகும். ஒரு தடவை சொன்னீங்க குழுவுல. பிரேக்குக்கு அழுத்தம் கொடுக்கிற மாஸ்டர் சிலிண்டர் பத்தி. அன்னிக்கு நான் பருப்புக் கடைஞ்சுட்டு இருந்தேன்."

"நீ வண்டி படிக்க வந்தியா, மிதிக்க வந்தியா? விடுடீ. ஆயில் மூஞ்சியில தெறிக்குது."

விட்டாள். இறங்கி வண்டியைச் சுற்றிப் பின்னால் வந்தாள். அவன் முகத்தில் எண்ணெய்ப் பொட்டுகள். உதட்டில்கூட ஒன்று. துடைத்த இடத்தில் தோல் வழவழவென்று மின்னியது. அவள் அவனைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தாள். வாத்துக்குக் கீழே அழுக்குத் தேன் நிறத்தில் திரவம். அதன் மேல் விரல்கடை உயரத்துக்கு வேறு ஒன்று மிதந்தது. சிவப்பாக இருந்தது. சமையல் எண்ணெய் தண்ணீரின் மேல் நிற்பது போல, கலக்காமல், தனியாக நின்றது.

"இதென்ன ரெண்டு கலர்?"

"பழைய ஆயில். அழுக்கு."

"அழுக்கு சிவப்பாவா இருக்கும்? சிவப்பு ஸ்டியரிங்குக்குப் போடுறது."

அவன் பாட்டிலை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டான். திருடித் தின்றவன் கையை மறைப்பது போல இருந்தது.

"என்னடா அங்க?" என்றாள் நாத்தனார் ஜன்னலிலிருந்து. "முட்டை வச்சாளா இல்லையா? பசிக்குது எனக்கு."

கேட் கிறீச்சிட்டது. வளைந்த கேட்டை இன்னும் நிமிர்த்தவில்லை. அதைத் தூக்கித்தான் திறக்க வேண்டும். தையல்காரி தூக்கித் திறந்துகொண்டு வந்தாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. இருபத்தாறு நாளாக, கார் அத்தை கடையைத் தாண்டினால் தலை நிமிராமல் மிஷினை வேகமாக ஓட்டியவள்.

"வண்டி ரெடியாண்ணே?" என்று அவனிடம் மட்டும் கேட்டாள்.

"ஆச்சு ஆச்சு. புது ரப்பர் எல்லாம் மாத்தி ஏரும் எடுத்தாச்சு. இன்னும் மூணு சக்கரம். திங்கக்கிழமை தம்பி வந்துருவான். அவன் லாரியே ஓட்டுறவன்."

"பொறுமையா ஓட்டுவார்தானே? மத்த நாலு அம்மாங்களும் கேட்டுட்டு வரச்சொல்லி என்னைத்தான் அனுப்பியிருக்காங்க." அப்புறம் கண் பாட்டிலுக்குப் போனது. "ஐயோ, அது என் பொண்ணோட பாட்டில்."

"கழுவித் தர்றேன்மா" என்றான்.

"வேணாம்க்கா, அதுல இனிமே தண்ணி குடிக்கக்கூடாது" என்றாள் கார் அத்தை. "தூக்கிப் போட்டுருங்க. அதுக்கு முன்னாடி நல்லாப் பாருங்க. கீழ இருக்கிறது பிரேக் ஆயில். மேல சிவப்பா மிதக்குறது ஸ்டியரிங் ஆயில். பிரேக் டப்பாவுல யாரோ ஸ்டியரிங் ஆயிலை ஊத்தியிருக்காங்க. ஊத்தினா ரெண்டு நாள் மூணு நாள்ல உள்ளே ரப்பர் எல்லாம் உப்பிரும். அப்புறம் பிரேக் தரைக்குப் போகும்."

"யாரோன்னா?" என்றாள் தையல்காரி.

"நம்ம வீட்டுல வண்டிக்கு எண்ணெய் ஊத்துறது ஒரே ஆள்தான்."

தையல்காரி அவனைப் பார்த்தாள். அவன் ஸ்பேனரைத் துடைத்தான். ஏற்கனவே துடைத்த ஸ்பேனர்.

"நான் பிரேக்கைத்தான் மிதிச்சேன்" என்றாள் கார் அத்தை. அதை அவள் யாரிடமும் சொல்வதுபோல் சொல்லவில்லை. சொல்லிவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"என்னடா சொல்றா அவ?" நாத்தனார் கட்டிலில் எழுந்து உட்கார முயன்றாள். மாவுக்கட்டு கட்டில் சட்டத்தில் இடித்தது. "அம்மா! டேய் தம்பி, என்னடா?"

"ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லன்னா இவ ஏன் நிமிர்ந்துக்கிட்டு நிக்கிறா?"

அவன் சாக்கின் மேல் உட்கார்ந்தான். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டான். பிறகு குழுவுக்குப் பேசும் குரலிலேயே ஆரம்பித்தான். வேறு குரல் அவனிடம் இல்லை போலிருந்தது.

"பாருங்கம்மா, இது யாருக்கும் நடக்கும். பெரிய கேன்ல வாங்கினா மிச்சம்னு ஸ்டியரிங் ஆயிலைச் சின்ன பாட்டில்ல ஊத்தி வச்சிருந்தேன். அது பழைய பிரேக் ஆயில் பாட்டில். மாறிப்போச்சு. ஒரு மூடி அளவுதான் ஊத்தியிருப்பேன். தெரியாம நடந்தது. வேணும்னேவா செஞ்சேன்?"

"அப்ப காலை மாத்தி மிதிச்சான்னு ஊரெல்லாம் சொன்னீங்களே அண்ணே" என்றாள் தையல்காரி.

"அப்ப அப்படித்தான் நினைச்சேன். இப்ப பத்து நாளைக்கு முன்னால பிரிச்சுப் பார்த்தப்பதான் ரப்பர் உப்பியிருக்கிறது தெரிஞ்சுது. சொல்ல நேரம் வரல."

"தெரியாமத்தானே பண்ணான்" என்றாள் நாத்தனார் உடனே. ஒரு நிமிடம் முன்புவரை தம்பி பெண்டாட்டியை வைதுகொண்டிருந்த வாய் சுளுவாகத் திரும்பிக்கொண்டது. "என் காலுதானே போச்சு, நானே சொல்றேன், விடுங்க. ஆம்பளை, நாலு வேலை செய்யிறவன், ஒண்ணு ரெண்டு மாறத்தான் செய்யும். சோம்பேறிக்கு ஏது தப்பு? அவனுக்கு எண்ணெய் விஷயத்துல நிதானம் எப்பவுமே கிடையாது. என் காதுக்கு வைக்கிற ரப்பர் பந்தைக்கூட விடமாட்டான். காது கழுவுற பந்துங்க, தையல்காரம்மா, டாக்டர் கொடுத்தது. அதை எடுத்துட்டுப் போய் வண்டியில எதையோ உறிஞ்சிட்டு, துடைக்காம அப்படியே கொண்டாந்து வச்சிருக்கான். நான் காலையில எழுந்து தெரியாம காதுல வச்சு அமுக்கிட்டேன். சிவப்பா ஒழுகுது! ரத்தம்னு நினைச்சு நடுங்கிப் போயிட்டேன். மோந்து பார்த்தா எண்ணெய். அந்த வாடை இன்னும் காதை விட்டுப் போகல. இன்னிக்கும் ஒரே இரைச்சல்."

"அக்கா, சும்மா இரு" என்றான்.

"என்ன சும்மா இரு? காது என்னோடது."

கார் அத்தை ஜன்னலருகே போனாள். "என்னிக்கு அண்ணி?"

"என்ன என்னிக்கு?"

"காதுல சிவப்பு எண்ணெய் ஒழுகினது."

"அன்னிக்குத்தான்டீ. நீ என் காலை உடைச்ச அன்னிக்கு. காலையில காதுல எண்ணெய், ஒரு மணி நேரம் கழிச்சுக் கால் போச்சு. அந்தத் திங்கக்கிழமையை நான் மறப்பேனா? முதல் நாள் ராத்திரி எடுத்துட்டுப் போயிருக்கான்."

நாத்தனார் மெல்ல வாயை மூடிக்கொண்டாள். தான் சொன்னது என்ன என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது போலிருந்தது. ஸ்கேலைக் கையில் எடுத்தாள். சொறியவில்லை.

ஞாயிறு இரவு பிரேக் டப்பாவிலிருந்து சிவப்பு எண்ணெயை உறிஞ்சி எடுத்திருக்கிறான். அப்படியானால் ஞாயிறு இரவே பார்த்துவிட்டான்.

கார் அத்தைக்கு வேறொன்று நினைவு வந்தது. அந்தத் திங்கட்கிழமை காலை பிள்ளைகள் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு, அவன் சாவியை அவள் கையில் கொடுத்து, "மெதுவா போ" என்று சொல்லியிருந்தான். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அவன் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அவளுக்கு அது உள்ளுக்குள் இனித்துக்கொண்டே இருந்தது. அந்த இனிப்பு இப்போது தொண்டையில் திரண்டு வந்தது. குழாயடிக்குப் போய்த் துப்பினாள். வாய் கொப்பளித்தாள். மறுபடி துப்பினாள்.

திரும்பி வந்து அவன் எதிரில் நின்றாள்.

"எழுந்திருங்க."

எழுந்தான்.

"ஞாயித்துக்கிழமை ராத்திரி மூடியைத் திறந்து பார்த்தீங்க."

"உறிஞ்சி எடுத்துட்டா சரியாயிரும்னு நினைச்சேன். புது ஆயில் ஊத்திட்டேன். ஒரு நாள் தாங்கும், மறுநாள் லீவு போட்டு மாத்திடலாம்னு. ஜப்பான் வண்டி, அவ்வளவு சீக்கிரம்..."

"அதைக் கேக்கல." அவள் குரல் உயரவில்லை. "திங்கக்கிழமை காலையில அஞ்சு பிள்ளைங்க உள்ளே உட்கார்ந்திருந்தாங்க. தையல்காரக்கா பொண்ணு முன்னாடி உட்கார்ந்திருந்தா. அப்ப உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"வெளியே தெரிஞ்சா நானூறு பேர் முன்னாடி..."

"தெரியுமா, தெரியாதா?"

தையல்காரி கழுத்திலிருந்த நாடாவின் இரண்டு முனையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் உதடு அசைந்தது.

"கேக்கல" என்றாள் கார் அத்தை. "அண்ணிக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்க."

"தெரியும்" என்றான் அவன். "பிரேக் போகும்னு தெரிஞ்சுதான் சாவியைக் கொடுத்தேன்."